ஒரே சர்வரில் படங்களும் பக்கங்களும்: எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது?

வாடகைக்கு எடுத்த 4 ஜி.பி. சர்வரில் ஒரு வேர்ட்பிரஸ் தளம் ஓடுகிறது. சாதாரண நாட்களில் எந்தக் குறையும் தெரிவதில்லை. ஏதாவது ஒரு கட்டுரை பரவலாகப் பகிரப்படும் நாளில் பக்கம் திறக்கத் திணறுகிறது. சிறிது நேரத்தில் தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்ற செய்தி மட்டும் திரையில் நிற்கிறது. உடனே 8 ஜி.பி. சர்வருக்கு மாறிவிடலாம் என்ற எண்ணம் வரும். மாதாமாதம் வாடகையைக் கூட்டுவதற்கு முன்பு, இருக்கும் சர்வர் எந்த வேலையில் தன் பலத்தைச் செலவழிக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் படங்களை அனுப்புவதிலும் மெதுவான இணைப்புகளுக்காகக் காத்திருப்பதிலும்தான் அது களைத்துப்போகிறது.

சர்வருக்கு வரும் கோரிக்கைகள் இரண்டு வகை. படம், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், எழுத்துரு போன்றவை வட்டில் ஏற்கெனவே தயாராக இருக்கும் கோப்புகள். எடுத்து அனுப்பினால் போதும். கட்டுரைப் பக்கம், தேடல், கருத்துப் பதிவு போன்றவற்றுக்கு பிஎச்பி நிரல் ஓட வேண்டும், தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும், பக்கத்தைக் கோத்துத் தர வேண்டும். முதல் வகைக்கு நினைவகம் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. இரண்டாவது வகைக்கு ஒவ்வொரு புராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் ஒவ்வொரு பிரதியும், பல பத்து எம்.பி. எடுத்துக்கொள்ளும். கனமான புராசஸை லேசான வேலைக்கு அனுப்பாமல் இருப்பதுதான் நல்ல அமைப்பு. தலைமைச் சமையல்காரரைப் பந்தியில் தண்ணீர் ஊற்ற அனுப்பினால் அடுப்பை யார் பார்ப்பது?

பழைய அமைப்பு எங்கே முட்டுகிறது

பல சர்வர்களில் இன்றும் இருப்பது அப்பாச்சி என்ற வலைச்சேவை மென்பொருளின் பிரீஃபோர்க் முறை. ஒரு இணைப்புக்கு ஒரு புராசஸ். ஒவ்வொரு புராசஸுக்குள்ளும் பிஎச்பி உட்கார்ந்திருக்கும். 2 கே.பி. ஐகானை அனுப்பும் புராசஸும் பிஎச்பியின் முழுச் சுமையையும் தூக்கிக்கொண்டுதான் அனுப்புகிறது.

கணக்குப் போட்டால் நிலைமை புரியும். 4 ஜி.பி.யில் இயங்குதளத்துக்கும் பிற சேவைகளுக்கும் 500 எம்.பி., தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லுக்கு 1 ஜி.பி., லினக்ஸ் கோப்புகளை நினைவகத்தில் வைத்துக்கொள்ள இன்னொரு 500 எம்.பி. என்று ஒதுக்கினால் மிஞ்சுவது ஏறத்தாழ 2 ஜி.பி. ஒரு புராசஸ் 60 எம்.பி. என்றால் 34 புராசஸ்கள் ஓடலாம். எச்டிடிபி/1.1 முறையில் பிரவுசர்கள் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகள் வரை திறக்கின்றன. ஆறு வாசகர்கள் ஒரே நேரத்தில் நுழைந்தால் 36 இணைப்புகள். அவ்வளவுதான், சர்வர் நிறைந்துவிட்டது. கோப்புகள் போய்ச் சேர்ந்த பிறகும், அடுத்த கோரிக்கை வருமா என்று ஒவ்வொரு புராசஸும் கீப்அலைவ் நேரம் முழுவதும் காத்திருக்கிறது. அப்பாச்சியில் அந்த நேரம் இயல்பாக 5 விநாடி. ஏழாவது வாசகர் வரிசையில் நிற்கும்போது, உள்ளே இருக்கும் பெரும்பாலான புராசஸ்கள் எந்த வேலையும் செய்யாமல் இருக்கின்றன.

இன்னொரு ஆபத்தும் உண்டு. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் பிரீஃபோர்க் அமைப்புக் கோப்பில் அதிகபட்சப் புராசஸ் எண்ணிக்கை 150 என்று இருக்கும். 150ஐ 60 எம்.பி.யால் பெருக்கினால் 9 ஜி.பி. நம்மிடம் இருப்பதோ 4. கூட்டம் வந்தால் நினைவகம் தீர்ந்து, வட்டில் உள்ள ஸ்வாப் பகுதிக்குப் போகும். அதுவும் நிறைந்தால் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் அதிக நினைவகம் பிடித்திருக்கும் புராசஸைக் கொன்றுவிடும். பல நேரங்களில் பலியாவது மைஎஸ்கியூஎல். தரவுத்தளச் செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். தரவுத்தளத்தின் மேல் எந்தத் தவறும் இல்லை.

ஒரே சமயத்தில் பத்தாயிரம் இணைப்புகளை ஒரு சர்வர் எப்படித் தாங்கும் என்ற கேள்வியை டேன் கெகல் 1999இல் எழுப்பினார். அதற்குக் கிடைத்த விடைகளில் அதிகம் பரவியது, ரஷ்யரான இகோர் சிசோயெவ் 2002இல் எழுதத் தொடங்கி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் என்ற வலைச்சேவை மென்பொருள். இணைப்புக்கு ஒரு புராசஸ் என்ற முறையை அது கைவிட்டது. சிபியு மையத்துக்கு ஒரு புராசஸ் போதும். எந்த இணைப்பில் தரவு வந்திருக்கிறது என்று கர்னல் சொல்லும். அந்த இணைப்பை மட்டும் புராசஸ் கவனிக்கும். சும்மா காத்திருக்கும் ஆயிரம் இணைப்புகளுக்கு ஆகும் நினைவகம் ஒரு பிஎச்பி புராசஸுக்கு ஆவதைவிடக் குறைவு.

முதலில் பதிவேட்டைப் படியுங்கள்

எதையும் மாற்றும் முன்பு கோரிக்கைகள் பதிவாகும் அக்சஸ் லாகில் ஒரு வாரத்தை எடுத்து நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தக் கோரிக்கைகளில் கோப்புகள் எத்தனை, பிஎச்பி வரை போனவை எத்தனை? பிஎச்பி வரை போனவற்றில் உள்நுழைந்த பயனர்களுடையவை எத்தனை? மிக நெருக்கடியான ஒரு நிமிடத்தில் எத்தனை பக்கங்கள் கேட்கப்பட்டன? ஒரு பக்கத்தைத் தயாரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது?

மூன்றாவது எண் பலரை ஆச்சரியப்படுத்தும். பரபரப்பாகத் தெரியும் தளத்தில்கூட ஒரு விநாடிக்குக் கேட்கப்படும் பக்கங்கள் கைவிரல்களில் எண்ணும்படிதான் இருக்கும். இரண்டாவது எண்ணோ எந்த அமைப்பு வேண்டும் என்பதையே முடிவு செய்கிறது. செய்தித்தளம், வலைப்பூ, கல்லூரித் தளம் போன்றவற்றில் உள்நுழைந்தவர்கள் மிகக் குறைவு; எல்லோரும் ஒரே பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அது பார்வைக்கு மட்டுமே இயங்குநிலைப் பக்கம், அதாவது கேட்கும்போதெல்லாம் புதிதாகத் தயாராகும் பக்கம். கடைத்தளமும் பயிற்சித்தளமும் வேறு; அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம்.

எந்த அமைப்பு, யாருக்கு

உள்ளடக்கம் வாரத்துக்கு ஒருமுறைதான் மாறுகிறது, உள்நுழைவு, தேடல் எதுவும் இல்லை என்றால் பிஎச்பியே வேண்டாம். பக்கங்களை எச்டிஎம்எல் கோப்புகளாக உருவாக்கி ஏற்றிவிடுங்கள். இதைவிட வேகமான அமைப்பு கிடையாது, உடைவதற்கும் எதுவும் இல்லை.

பிஎச்பி தளத்துக்கு என் முதல் பரிந்துரை, முன்னால் என்ஜின்எக்ஸ், பின்னால் பிஎச்பி-எஃப்பிஎம். எஃப்பிஎம் என்பது பிஎச்பி புராசஸ்களைத் தனியாக நடத்தும் மேலாளர். 2010இல் வந்த 5.3.3 பதிப்பிலிருந்து பிஎச்பியோடு சேர்ந்தே வருகிறது. கோப்புகளை என்ஜின்எக்ஸே கொடுத்துவிடும். நிரல் ஓட வேண்டிய கோரிக்கை மட்டும் எஃப்பிஎம்முக்குப் போகும்.

இந்தக் கூட்டணியின் பெரிய பலன் ஒன்றை அதிகம் பேர் சொல்வதில்லை. பிஎச்பி 0.2 விநாடியில் பக்கத்தைத் தயாரித்துவிடுகிறது. வாசகரோ சிக்னல் சரியில்லாத இடத்தில் கைப்பேசியில் அதை 8 விநாடியாக இறக்குகிறார். பிரீஃபோர்க் முறையில் அந்த நேரத்தின் பெரும்பகுதிக்குப் புராசஸ் பிணைக்கைதியாக இருக்க நேரலாம். என்ஜின்எக்ஸ் பிஎச்பியின் பதிலை முழுதாக வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, பிஎச்பியை உடனே விடுவித்துவிடுகிறது. மிச்ச விநாடிகளுக்கு வாசகரோடு இருப்பது லேசான இணைப்பு மட்டும்.

இதில் தமிழ்த்தளங்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். 'கி' என்ற எழுத்து இரண்டு குறியீடுகள், ஆக 6 பைட். நீண்ட தமிழ்க் கட்டுரைப் பக்கம் 100 கே.பி.யை எளிதில் தாண்டும். பிஎச்பியின் பதிலை என்ஜின்எக்ஸ் நினைவகத்தில் வாங்கிவைக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ பஃபர் இயல்பாக 4 கே.பி. அளவில் எட்டுத் துண்டுகள், அதாவது 32 கே.பி. அதற்கு மேல் வருவதைத் தற்காலிகக் கோப்பாக வட்டில் எழுதும். எரர் லாகில் அது குறித்த எச்சரிக்கை வரிவரியாக வந்துகொண்டிருக்கும். 16 கே.பி. அளவில் பதினாறு துண்டுகள் என்று மாற்றினால் 256 கே.பி. வரை நினைவகத்திலேயே அடங்கும்.

இரண்டாவது வழி அப்பாச்சியை விடாமலே திருத்துவது. அடைவுக்கு அடைவு அப்பாச்சிக்கான விதிகளை வைத்திருக்கும் எச்டிஅக்சஸ் கோப்புகளை நம்பி ஓடும் பழைய தளங்களுக்கும், பலர் பங்கிட்டுக்கொள்ளும் சர்வர்களுக்கும் இதுவே நடைமுறைக்கு ஏற்றது. பிரீஃபோர்க்கை நீக்கிவிட்டு ஈவென்ட் முறைக்கு மாற்றுங்கள். 2012இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து அது முழு ஆதரவோடு இருக்கிறது. அப்பாச்சிக்குள் இருக்கும் பிஎச்பியை எடுத்துவிட்டு எஃப்பிஎம்மோடு இணையுங்கள். காத்திருக்கும் கீப்அலைவ் இணைப்புகளுக்கு ஈவென்ட் முறையில் தனித்தனித் திரெட் (புராசஸுக்குள் ஓடும் கிளை) தேவையில்லை. பிரீஃபோர்க்கில் கிடைக்காத எச்டிடிபி/2 வசதியும் கூடவே வந்துசேரும். எச்டிஅக்சஸ் கோப்பில் பிஎச்பி மதிப்புகளை நேரடியாக எழுதியிருந்தால் தளம் 500 பிழையைக் காட்டும்; தளத்தின் பயனர் ஐஎன்ஐ கோப்புக்கு அவற்றை மாற்ற வேண்டும். எச்டிஅக்சஸ் தேவைப்படாத தளத்தில் அந்த வசதியை அடியோடு அணைத்துவிடுங்கள். அது திறந்திருக்கும்வரை ஒவ்வொரு படத்துக்கும் மேலிருந்து கீழாக எல்லா அடைவுகளிலும் அந்தக் கோப்பு இருக்கிறதா என்று அப்பாச்சி தேடிக்கொண்டே இருக்கும்.

என்ஜின்எக்ஸை முன்னால் வைத்து, பின்னால் அப்பாச்சியை அப்படியே விடுவது மூன்றாவது வழி. இரண்டு சர்வர்களைப் பராமரிக்கும் சுமை இருப்பதால், மாற்றமுடியாத பழைய தளம் என்றால் மட்டும் இதை எடுங்கள். எடுத்தால், வாசகரின் உண்மையான ஐபி முகவரியும், வந்தது பாதுகாப்பான இணைப்பு என்ற தகவலும் பின்னால் போகும்படி செய்ய வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் வேர்ட்பிரஸ் பக்கத்தை மாற்றி மாற்றித் திருப்பிவிட்டுக்கொண்டே இருக்கும்.

சான்றிதழ் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் கேடி, எச்டிஅக்சஸைப் படிக்கும் லைட்ஸ்பீடு ஆகிய வலைச்சேவை மென்பொருள்களும் நல்ல தேர்வுகளே. கீழே வரும் கணக்குகள் அவற்றுக்கும் பொருந்தும்.

எத்தனை பிஎச்பி புராசஸ்கள்?

எஃப்பிஎம் அமைப்பில் மிக முக்கியமான வரி, அதிகபட்சப் புராசஸ் எண்ணிக்கை. நிறுவியவுடன் அது 5 என்று இருக்கும். அந்த எல்லையை எட்டினால் எஃப்பிஎம் லாகில் எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி ஒரு வரி விழும். பலர் அதைப் பார்த்தவுடன் 100 என்று போட்டுவிடுகிறார்கள். அந்த வரி உங்கள் நினைவகத்தை அறியாது. நீங்கள்தான் அளக்க வேண்டும்.

புராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை காட்டும் அளவில், மொழிபெயர்த்த பிஎச்பி நிரலைச் சேமித்து எல்லாப் புராசஸ்களும் பகிர்ந்துகொள்ளும் ஆப்கேச் நினைவகமும் ஒவ்வொன்றின் கணக்கிலும் சேர்ந்துவிடும். எஸ்மெம் கருவி காட்டும் பிஎஸ்எஸ் அளவு பகிர்ந்த பகுதியைப் பங்கு பிரித்துக் காட்டும், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 ஜி.பி. மிச்சம், புராசஸுக்கு 60 எம்.பி. என்றால் 34, பாதுகாப்புக்கு 25 அல்லது 28 என்று வையுங்கள்.

நினைவகம் ஓர் எல்லை என்றால் சிபியு இன்னோர் எல்லை. ஒரு பக்கத்துக்கு 150 மில்லிவிநாடி சிபியு நேரம் ஆகிறது, இரண்டு மையங்கள் இருக்கின்றன என்றால் ஒரு விநாடிக்கு 13 பக்கங்களுக்கு மேல் வரவே வராது. புராசஸ்களை நூறாக்கினாலும் அதே 13தான்; ஒவ்வொரு பக்கமும் தாமதமாகும் என்பதுதான் வித்தியாசம். பிஎச்பி தரவுத்தளத்துக்காகவோ வெளிச் சேவைக்காகவோ காத்திருக்கும் தளங்களில் மட்டுமே எண்ணிக்கையைக் கூட்டுவது பலன் தரும்.

சர்வர் ஒரே தளத்துக்கானது என்றால் புராசஸ் எண்ணிக்கையை நிலையாக வைக்கும் ஸ்டேட்டிக் முறை நல்லது. சிறு தளங்கள் பல ஓடும் சர்வருக்கு, தேவைப்படும்போது மட்டும் எழுப்பும் ஆன்டிமாண்ட் முறை ஏற்றது. ஆப்கேச் இயங்குகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிஎச்பி கோப்புகளை ஒவ்வொரு முறையும் மறுபடி மொழிபெயர்ப்பதை அது தவிர்க்கிறது. மைஎஸ்கியூஎல் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இன்னோடிபி பஃபர் இயல்பாக 128 எம்.பி.தான், தரவுத்தளம் பெரிதென்றால் ஒதுக்கிய 1 ஜி.பி.க்குள் அதை உயர்த்துங்கள்.

பக்கங்களை ஒரு விநாடி பிடித்து வைப்பது

மேலே சொன்ன 13 என்ற சுவரைத் தாண்ட ஒரே நல்ல வழி, தயாரித்த பக்கத்தைச் சேமித்து மறுபடி கொடுப்பது. அப்படிச் சேமித்து வைக்கும் ஃபாஸ்ட்சிஜிஐ கேச் என்ஜின்எக்ஸிலேயே இருக்கிறது. சிறிய தளத்துக்கு வார்னிஷ் போன்ற தனிச் சேவை தேவையில்லை. செய்தி உடனுக்குடன் மாற வேண்டுமே என்று தயங்குபவர்கள் ஒரே ஒரு விநாடிக்குச் சேமித்துப் பாருங்கள். முகப்பை விநாடிக்கு 200 பேர் கேட்டாலும் பிஎச்பி அதை ஏறத்தாழ ஒருமுறைதான் தயாரிக்கும். ஒரு விநாடி பழைய செய்தியை யாரும் குறையாகச் சொல்லப்போவதில்லை. பத்து நிமிடம் தாங்கும் பக்கம் என்றால் பத்து நிமிடம் வையுங்கள்.

கூடவே இரண்டு அமைப்புகளை இயக்க வேண்டும். கேச் லாக் இருந்தால், இன்னும் கேச்சில் இல்லாத பக்கத்தை ஐம்பது பேர் ஒரே நொடியில் கேட்டாலும் ஒருவருக்காக மட்டும் பிஎச்பி ஓடும். ஸ்டேல் அமைப்பு, பக்கம் காலாவதியானால் புதியது தயாராகும்வரையும் பிஎச்பி விழுந்திருக்கும்போதும் பழைய பக்கத்தையே கொடுக்கும். தளம் விழுந்ததே வாசகருக்குத் தெரியாமல் போகும் நிமிடங்கள் இதனால் கிடைக்கின்றன.

இங்கே மிகுந்த எச்சரிக்கை தேவை. உள்நுழைந்தவருக்கான பக்கம் கேச்சில் விழுந்தால், ஒருவருடைய கணக்கு விவரம் இன்னொருவர் திரையில் வரும். வேர்ட்பிரஸ் உள்நுழைவுக் குக்கி, கடையின் கூடைக் குக்கி, கருத்து எழுதியவர் குக்கி ஆகியவற்றில் எது இருந்தாலும் கேச்சைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு இரண்டு கட்டளைகள்: பைபாஸ் என்பது கேச்சிலிருந்து எடுக்காதே, நோ கேச் என்பது கேச்சில் வைக்காதே. முதலாவதை மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை மறப்பது பரவலான பிழை. கசிவு அங்கேதான் தொடங்குகிறது.

கேச் போட்டும் பலன் இல்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஏதோ ஒரு பிளக்இன் எல்லா வாசகருக்கும் பிஎச்பி செஷன் (ஒவ்வொரு வாசகரையும் தனியே நினைவில் வைக்கும் வசதி) தொடங்கிக்கொண்டிருக்கும். செஷன் தொடங்கினால் பிஎச்பி தன் பதிலோடு சேமிக்காதே என்ற தலைப்பை (ஹெடர் குறிப்பை) அனுப்பும், என்ஜின்எக்ஸும் கீழ்ப்படியும். இன்னொன்று, ஃபேஸ்புக்கில் பகிரப்பட்ட இணைப்பின் வாலில் ஒட்டிக்கொள்ளும் எஃப்பிகிளிக்ஐடி போன்ற நீண்ட குறியீடு. சொடுக்குக்குச் சொடுக்கு அது மாறும் என்பதால் ஒரே பக்கம் ஆயிரம் வெவ்வேறு பக்கங்களாகக் கேச்சுக்குத் தெரிகிறது. கட்டுரை பரவும் நாளில்தான் கேச் கைவிடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. சேமித்த பக்கத்தை அடையாளம் காட்டும் கேச் சாவியை அமைக்கும்போது அந்த வாலை வெட்டிவிடுங்கள்.

கோப்புகளின் பக்கம்

மிக வேகமான கோரிக்கை, வராமலே போன கோரிக்கை. கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் இருந்தால் ஓராண்டுக்கு, அதாவது 3,15,36,000 விநாடிக்கு, சேமித்துக்கொள்ளும்படி பிரவுசருக்குச் சொல்லலாம். கோப்பு மாறினால் பெயரும் மாறும். பழையது பற்றிக் கவலை இல்லை. பெயர் மாறாத கோப்புகளுக்கு ஒரு நாள், ஒரு வாரம் என்று குறைவாக வையுங்கள்.

ஜிஜிப் சுருக்கத்தைப் பொறுத்தவரை தமிழ்த்தளங்களுக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. தமிழின் 3 பைட்டுகளில் முதலாவது எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டே மதிப்புகளில் ஒன்று. இப்படித் திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதற்கென்றே ஜிஜிப் இருக்கிறது. ஜிஜிப்பை இயக்கினாலும் என்ஜின்எக்ஸ் இயல்பாக எச்டிஎம்எல்லை மட்டுமே சுருக்கும். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், ஜேசான், எஸ்விஜி வகைகளை நீங்கள்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும். நிலை 5 போதும். 9 வரை போனால் சிபியு செலவு கூடுகிறதே தவிர அளவு பெரிதாகக் குறைவதில்லை. ஜேபெக் படங்களும் வோஃப்2 எழுத்துருக்களும் ஏற்கெனவே சுருங்கியவை, அவற்றைத் தொடாதீர்கள்.

பணம் கட்டியவர்கள் மட்டும் இறக்கவேண்டிய பிடிஎஃப், பாடக் காணொளி போன்றவை இரண்டு வகைக்கும் நடுவில் இருக்கின்றன. அனுமதியைச் சரிபார்க்க பிஎச்பி வேண்டும்; அதற்காக 300 எம்.பி. காணொளியையும் பிஎச்பி வழியாகவே அனுப்பினால் ஒரு புராசஸ் பல நிமிடங்கள் சிக்கிக்கொள்ளும். எக்ஸ்-அக்செல்-ரீடைரக்ட் என்ற தலைப்பு இதற்காகவே இருக்கிறது. பிஎச்பி அனுமதியைப் பார்த்துவிட்டு, இந்தக் கோப்பைக் கொடு என்று தலைப்பை மட்டும் அனுப்பி விலகிவிடும். வெளியிலிருந்து நேரடியாகத் திறக்கமுடியாத அடைவிலிருந்து என்ஜின்எக்ஸ் அதை எடுத்துக் கொடுக்கும். பயிற்சித்தளம் நடத்துபவர்கள் மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

பயனர்கள் கோப்பு ஏற்றும் அடைவில் பிஎச்பி ஓடாதபடி தடுப்பதும் இந்தக் கட்டத்திலேயே முடியட்டும். படம் என்ற பெயரில் யாரோ ஏற்றிய நிரல் ஓடிவிட்டால் மேலே செய்த எல்லாம் அவருக்காகச் செய்ததாகிவிடும்.

சோதித்துப் பாருங்கள்

சுமைச் சோதனையை வேறொரு கணினியிலிருந்து நடத்துங்கள். அதே சர்வரில் ஓட்டினால் சோதனைக் கருவியே சிபியுவைத் தின்றுவிடும். முகப்பை மட்டும் சோதித்தால் கேச்சைத்தான் சோதிக்கிறீர்கள். தேடல் பக்கத்தையும், உள்நுழைந்த நிலையில் ஒரு பக்கத்தையும் சேருங்கள். சோதனை ஓடும்போது விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப் குறித்த இரண்டு நெடுவரிசைகளும் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். அசைந்தால் பிஎச்பி புராசஸ் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

பிறகு என்ஜின்எக்ஸ் லாக் வடிவத்தில் இரண்டு நேரங்களைச் சேர்த்துவிடுங்கள்: கோரிக்கை முழுதும் முடிய ஆன நேரம், பின்னணியில் பிஎச்பி எடுத்துக்கொண்ட நேரம். முதலாவது 9.1, இரண்டாவது 0.2 என்றால் மெதுவானது வாசகரின் இணைப்பு; பக்கத்தின் எடையைக் குறைக்கலாம், சர்வரைத் தொட வேண்டாம். முதலாவது 4.3, இரண்டாவது 4.2 என்றால் குற்றவாளி உள்ளே இருக்கிறது.

502 பிழை வந்தால் எஃப்பிஎம் நின்றிருக்கும், அல்லது அதன் காத்திருப்பு வரிசை நிரம்பியிருக்கும். எஃப்பிஎம் லாகையும் புராசஸ் எண்ணிக்கையையும் பாருங்கள். 504 வந்தால் பிஎச்பி குறித்த நேரத்துக்குள் பதில் தரவில்லை என்று பொருள். என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடி பொறுக்கும். அந்த 60ஐ 300 ஆக்காதீர்கள். வாசகர் ஐந்து மடங்கு நேரம் காத்திருப்பதுதான் மிச்சம். எஃப்பிஎம்மின் ஸ்லோ லாகை 3 விநாடிக்கு அமைத்தால், எந்தக் கோப்பின் எந்த வரியில் நிரல் நின்றுகொண்டிருக்கிறது என்று அதுவே எழுதிவைக்கும். அந்த வரி தரவுத்தளக் கேள்வி என்றால் அட்டவணைக்கு இன்டெக்ஸ் சேருங்கள். வெளிச் சேவைக்கான அழைப்பு என்றால் அதற்கு 2 விநாடிக் காலவரம்பு வையுங்கள்.